நீத்தார் கடன்

கொச்சி மாநகரின் மேற்குப் பகுதியில், மட்டாஞ்சேரியை அடுத்து, தோப்பும்படி என்ற ஊர் உள்ளது. காயலின் இக்கரையில் மீன்பிடித் துறைமுகம். ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாட்கள் கழித்துத் திரும்பும் விசைப்படகுகள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றில் தொழில் செய்பவர்களில் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்க் கரையைச் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. அதன் வழியே மேலும் சென்றால் இந்தியக் கடற்படையின் தெற்குப் பிராந்தியத் தலைமையகம். இரு கரைகளிலும் இருப்பவர்கள் கடலை நம்பி வாழ்பவர்கள். இரு கரைகளிலிருந்தும் புறப்பட்டவர்களில் சிலர் திரும்பாமற் போவதுண்டு. அக்கரையில் ஒருவர் கடமையில் உயிர் துறந்தால், அவருடைய பிள்ளையின் கல்லூரிப் படிப்பு அரசாணையின் பொருளாகிறது. இக்கரையில் ஒருவர் மறைந்தால் அது பெரும்பாலும் பிறர் இரக்கத்தின் பொருளாகிறது.

இந்த வேற்றுமை நியாயமானதா? இதற்கு விடை காண வேண்டுமானால், படைவீரரின் பிள்ளைக்கு நாடு அளிக்கும் கல்வி உதவி எத்தகையது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். அது தானமா, விலையா, கடனா?

தமிழில் ‘கடன்’ என்பது ஆழ்ந்த பொருளுடைய சொல். வாங்கியதைத் திருப்பித் தருவதற்கும் கடன் என்று பெயர். செய்தே தீரவேண்டிய கடமைக்கும் அதுவே பெயர். இறந்தவர்களுக்குப் பின்னோர் ஆற்றுவதை ‘நீத்தார் கடன்’ என்கிறோம். வழக்கமாகத் தந்தைக்குப் பிள்ளை செய்வது அது. போரில் வீழ்ந்த ஒருவரின் பிள்ளையோ சிறுவயதினன். அவனால் எள்ளும் நீரும் இறைக்க முடியும், அவ்வளவே. மீதியை யார் செய்வது?

ஒன்பது நாட்களில் ஓர் அறிவிப்பு

1971ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி போர் மூண்டது. 9ஆம் தேதி இரவு, டையூ கடற்பகுதியில் ஐ.என்.எஸ். குக்ரி என்ற நமது போர்க்கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதனோடு போயினர். மற்றவர்களைக் கப்பலைவிட்டு வெளியேறச் செய்த கேப்டன் மகேந்திரநாத் முல்லா, தாம் வெளியேறாமல் கப்பலுடனேயே மூழ்கினார். அவருக்கு மறைவுக்குப்பின் மகாவீர் சக்ர விருது அளிக்கப்பட்டது. தீயிடவோ மண்ணிலிடவோ உடல் இல்லாத மரணங்கள் அவை. குடும்பங்களுக்குக் கிடைத்தது ஒரு செய்தி மட்டுமே.

டிசம்பர் 16ஆம் தேதி டாக்காவில் எதிரிப் படை சரணடைந்தது. இரண்டு நாட்கள் கழித்து, 18ஆம் தேதி, மக்களவையில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. போரில் உயிரிழந்தவர்கள், காணாமற்போனவர்கள், நிரந்தரமாக ஊனமுற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசு ஏற்கும் என்பது அதன் சாரம். 1972 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பயிற்றுக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம், சீருடை ஆகியவை அதில் அடங்கும்.

அந்த நேரத்தில் நாடு இருந்த நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒரு கோடி அகதிகளுக்குச் சோறிட்டுக் களைத்திருந்த ஏழை நாடு இது. வெற்றிக் களிப்பு இன்னும் அடங்கவில்லை. அப்போதும், தந்தையை இழந்த பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அவையின் நினைவுக்கு வந்தது. ‘காணாமற்போனவர்கள்’ என்ற சொல் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது எவ்வளவு அவசியமானது என்பதைக் குக்ரியில் சென்றவர்களின் இல்லத்தார் அறிவார்கள்.

இத்தகைய சிந்தனை நம் மண்ணுக்குப் புதிதன்று. மகாபாரதத்தின் சபாபர்வத்தில், நாரதர் யுதிஷ்டிரரின் அவைக்கு வருகிறார். நலம் விசாரிப்பதுபோல் அவர் அடுக்கடுக்காகக் கேட்கும் கேள்விகள் உண்மையில் ஓர் அரசனுக்கு வைக்கப்படும் தேர்வு. அவற்றுள் ஒன்று, உனக்காக உயிர் கொடுத்தவர்களின் மனைவியரை நீ பேணி வருகிறாயா என்பது. எத்தனை நாடுகளை வென்றாய் என்ற கணக்கைவிட இந்தக் கேள்வி கடினமானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும், பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவி மக்களுக்கு உணவும் ஊதியமும் உரியவை என்று விதிக்கிறது. தமிழகக் கல்வெட்டுகளிலோ, ஊரைக் காக்கும் சண்டையில் பட்ட வீரனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்றே பெயர். நடுகல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்களுக்கு. கல்லை மட்டும் நட்டுவிட்டுக் கலைந்து போவது போதாது என்று அந்த ஊரார் உணர்ந்திருந்தார்கள்.

வரம்பிட்ட கடன்

இனிச் சற்று அண்மைக் காலத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில், ஊதியக் குழுப் பரிந்துரைகளின் தொடர்ச்சியாக ஓர் ஆணை பிறந்தது. வீரர்களின் பிள்ளைகளுக்கான பயிற்றுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்து மாதம் 10 ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது அது. அவ்வாண்டு ஜூலை 1 முதலே அது செல்லும். நாடு முழுவதிலும் இச்சலுகையைப் பெறும் பிள்ளைகள் சில ஆயிரம் பேர்தாம். அவர்களிலும் இந்த வரம்பால் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு சிறு பகுதியினர். மிச்சமாவதோ அரசின் கணக்கில் மிகச் சிறிய தொகை.

நிர்வாகிகளின் வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. பொதுப்பணம் எல்லையற்றதன்று, சில தொழிற்கல்லூரிகளின் கட்டணம் மலைக்கத்தக்கது, ஒருவருக்கு லட்சக்கணக்கிலும் மற்றவருக்கு ஆயிரக்கணக்கிலும் தருவது சமத்துவமா என்று அவர்கள் கேட்கலாம். தானம் செய்பவர் இப்படிக் கணக்குப் பார்ப்பது நியாயமே. கையிலிருப்பதற்கு ஏற்பத்தான் ஈகை. ஆனால் கடன்பட்டவர் தாமே கடனுக்கு வரம்பு விதித்துக்கொள்வது எந்த ஊர் வழக்கம்? எல்லைக்குப் போனவர், மாதம் இவ்வளவு மதிப்புக்கு மேல் ஆபத்தை ஏற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளையை இந்த வரம்பு பெரும்பாலும் தொடவில்லை. அது தடுத்தது கல்லூரி வாசலில். பன்னிரண்டாம் வகுப்புவரை கைப்பிடித்து அழைத்து வந்துவிட்டு, மருத்துவம் அல்லது பொறியியல் படிக்க இடம் கிடைத்த தருணத்தில் கையை விடுவதற்கு ஒப்பானது அது.

முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக அப்போது இருந்த கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லன்பா, 2017ஆம் ஆண்டின் இறுதியில் பாதுகாப்பு அமைச்சருக்கு இதுபற்றிக் கடிதம் எழுதினார். 2018 மார்ச்சில் அரசு அந்த வரம்பை நீக்கியது. தவறென்று தெரிந்ததைத் திருத்திக்கொண்ட அந்தச் செயலைப் பாராட்டவே வேண்டும்.

தோப்பும்படியிலிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் கொச்சிக் கோட்டை. அங்கே கடற்படையின் பீரங்கிப் பயிற்சி நிலையம் உள்ளது. அதன் பெயர் ஐ.என்.எஸ். துரோணாசார்யா. வில்லாசான் என்ற பொருத்தத்தால் இட்ட பெயர்தான். ஆனால் துரோணர் என்றதும் எனக்கு வேறொரு காட்சியே நினைவுக்கு வருகிறது.

துரோணரின் மகன் அசுவத்தாமன் சிறுவன். மற்றப் பிள்ளைகள் பால் குடிப்பதைக் கண்டு தனக்கும் பால் வேண்டுமென்று அழுகிறான். வீட்டில் பசு இல்லை. அரிசி மாவைக் கரைத்த நீரைப் பாலென்று நம்பிக் குடித்துவிட்டு அவன் ஆனந்தக் கூத்தாடுகிறான். சுற்றியிருந்தவர்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அதைத் தாங்காமல்தான் துரோணர் தம் இளமைத் தோழனான பாஞ்சால மன்னன் துருபதனிடம் போகிறார். குருகுலத்தில் அவன் சொன்ன வாக்கு அவர் நெஞ்சில் இருக்கிறது. துருபதன் என்ன சொன்னான்? அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததாக நினைவில்லை. வேண்டுமானால் ஓர் இரவு உணவு தருகிறேன் என்றான்.

வாக்கின் உரிமையோடு வந்தவரிடம் பிச்சையை நீட்டினான் துருபதன். அவன் ஒன்றுமே தரமாட்டேன் என்று கூறவில்லை. தருவதன் பெயரை மாற்றினான், அவ்வளவுதான். அதன் விளைவுகள் குருக்ஷேத்திரம்வரை சென்றதை நாம் அறிவோம். கொடுக்கப்படும் பொருள் ஒன்றாகவே இருக்கலாம். அது எந்தப் பெயரால் கொடுக்கப்படுகிறது என்பதில் பெறுபவரின் மானம் அடங்கியிருக்கிறது.

விழா மேடையில் பெரிய அளவில் அச்சிட்ட காசோலை மாதிரியைத் தூக்கிப் பிடித்து, கணவனை இழந்த ஒரு பெண்மணியை அதன் அருகில் நிறுத்திப் படமெடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நல்லெண்ணத்துடனேயே செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வங்கிக்குத் தவணை கட்டும்போது நாம் மேளம் கொட்டுவதில்லை. தானம் என்றே கொண்டாலும், மதிப்பின்றித் தரப்படுவதைத் தாமசம் என்றும், பலனை எதிர்பார்த்தும் மனம் வருந்தியும் தரப்படுவதை ராஜசம் என்றும் கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுத்துள்ளது. திருவள்ளுவரும் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து அமைத்தார். இரண்டும் ஒன்றேயென அவர் கருதியிருந்தால் ஓர் அதிகாரமே போதுமாயிருந்திருக்கும்.

மதிப்பெண்ணும் வரிசையும்

1972ஆம் ஆண்டுத் திட்டத்தைத் தவிர, 2006-07 முதல் பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டமும் உள்ளது. 1962இல் உருவான தேசியப் பாதுகாப்பு நிதியிலிருந்து இதற்குப் பணம் வருகிறது. தொழிற்கல்வி பயிலும் முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளும் வீரர்களின் விதவையரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். 2019இல் மாத உதவித்தொகை மாணவர்களுக்கு 2,000 ரூபாயிலிருந்து 2,500 ஆகவும், மாணவியருக்கு 2,250 ரூபாயிலிருந்து 3,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. பயங்கரவாத, நக்சல் தாக்குதல்களில் உயிரிழந்த மாநிலக் காவலர்களின் பிள்ளைகளும் அப்போது சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

இத்திட்டத்தில் நுழைவதற்கு 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். தொடர்வதற்கு ஆண்டுதோறும் 50 விழுக்காடு வேண்டும். இடங்கள் குறைவாகவும் கேட்பவர்கள் பலராகவும் இருக்கும் இடத்தில் ஏதேனும் ஓர் அளவுகோல் தவிர்க்க முடியாதது. நலமுடன் ஓய்வு பெற்றவரின் பிள்ளைக்கு அந்த அளவுகோலைப் பயன்படுத்துவதில் குறையில்லை. ஆயினும் பதினோராம் வகுப்பில் தந்தையின் சவப்பெட்டியைக் கொடி போர்த்தி வரவேற்ற ஒரு பெண்ணின் மதிப்பெண் அந்த ஆண்டுதான் சரியும். சரியாமலிருந்தால்தான் வியப்பு. அவளிடம் 60ஐ எதிர்பார்ப்பது, இழப்பு நேர்ந்த காரணத்தினாலேயே இழப்பீட்டை மறுப்பதாக முடியக்கூடும். 1971இல் அவையில் அளித்த வாக்கில் மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சே இல்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி வைத்திருப்பதே சரி; இரண்டாவதன் மனப்பான்மை முதலாவதற்குள் நுழையாமல் காக்க வேண்டும்.

வரிசைமுறையும் ஒன்று உண்டு. போர்க்களத்தில் உயிரிழந்தவரின் பிள்ளை முதலில். களத்தில் ஊனமுற்றவரின் பிள்ளை அடுத்து. பணியின் காரணமாக வேறு வகையில் இறந்தவரின் பிள்ளை அதற்கும் அடுத்து. 2013 ஆகஸ்ட் 14ஆம் தேதி, மும்பைக் கடற்படைத் தளத்தில் நின்றிருந்த சிந்துரக்ஷக் நீர்மூழ்கிக் கப்பல் வெடித்து 18 பேர் மாண்டனர். எதிரி எவரும் சுடவில்லை. நள்ளிரவில், துறைமுகத்தில், பணியில் இருந்தார்கள், இறந்தார்கள். களம் எது, துறை எது என்று ஒரு தாயின் துயரம் பிரித்தறியாது. அலுவலகத்துக்கு ஒரு வரிசை தேவைதான். யாரை முதலில் அழைப்பது என்று அது தீர்மானிக்கட்டும். யாருடைய மரணம் உயர்ந்தது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தப் பட்டியலுக்கு இல்லை.

இக்கரையிலுள்ள பிள்ளை

இப்போது பாலத்தின் இக்கரைக்குத் திரும்பலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர்களில் பலர் திரும்பவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற கடலோரச் சிற்றூர்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. கொச்சியிலிருந்து கடற்படைக் கப்பல்கள் தேடிச் சென்றன. பல உடல்கள் கிடைக்கவேயில்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கருதப் பொதுவாக ஏழாண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். அந்த விதியைத் தளர்த்திய பின்னரே குடும்பங்களுக்கு நிவாரணம் கிடைத்தது. 1971இல் ‘காணாமற்போனவர்கள்’ என்று முதல் நாளே எழுதப்பட்ட சொல் இங்கே எழுதப்பட்டிருக்கவில்லை.

மறு ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். அவர்கள் கேரளத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சர் பாராட்டினார். படை என்றால், அப்படையினர் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம்?

சிலர் இதற்கு அவசரமாக ஒரு விடை சொல்வார்கள்: உயிர் எல்லாம் ஒன்றுதானே, படைவீரருக்கு மட்டும் ஏன் தனிச்சலுகை என்று. எனக்கு இது உடன்பாடன்று. படைவீரரின் உயிர் மீனவரின் உயிரைவிட உயர்ந்தது என்பதனால் அந்தக் கடன் உண்டாகவில்லை. அவரை அனுப்பியவர்கள் நாம். போ என்ற ஆணைக்குப் போகமாட்டேன் என்று சொல்லும் உரிமையை அவர் பணியில் சேர்ந்த அன்றே ஒப்படைத்துவிட்டார். முல்லாவின் கப்பலில் இருந்த கடைநிலை மாலுமிக்கு அன்றிரவு வீட்டில் இருந்துவிடலாம் என்ற வழி இல்லை. ஒருவருடைய மறுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டவர், அதனால் விளைவதற்குப் பொறுப்பாளியாகிறார். கடனின் வேர் இதுதான்.

மீனவர் தம் குடும்பத்துக்காகத் தாமே கடலுக்குப் போகிறார். அவர் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியது இன்னொரு வகையைச் சார்ந்தது. அது ஒப்புரவு, ஓர் ஊராக வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டியது. அதுவும் கட்டாயமே. ஆனால் 2018இல் வெள்ளத்தில் படகு விட்டவரின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எவரும் அவருக்கு ஆணையிடவில்லை. ஆனால் நமக்காகப் போனார். அப்படிப் போய் மீளாத ஒருவரின் பிள்ளை, படைவீரரின் பிள்ளையினின்று எவ்வாறு வேறுபடும் என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. அந்தப் பிள்ளையைப் பட்டியலில் சேர்ப்பதே நேர்மை என்று மட்டும் தோன்றுகிறது. ஏற்கெனவே இருப்பவரின் பங்கைக் குறைத்துச் சமன் செய்வது நேர்மையாகாது.

பெறுபவன் கடனாளியா?

பேசப்படாத ஒரு பக்கம் மிஞ்சியிருக்கிறது. உதவி பெறும் பிள்ளையிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்? தந்தையைப்போல் நீயும் படையில் சேர வேண்டும் என்று மேடையில் வாழ்த்துபவர்கள் உண்டு. விரும்பிச் சேர்ந்தால் மகிழ்ச்சி. ஆனால் அவன் வீணை கற்க விரும்பலாம். அவள் பூச்சியியல் படிக்க விரும்பலாம். கடனைத் திரும்பப் பெறுபவரிடம் அந்தப் பணத்தை எப்படிச் செலவிடப் போகிறாய் என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தந்தையின் நினைவுச் சின்னமாக நிறுத்திவைப்பதும் ஒருவகையில் அவனிடமிருந்து விலை கேட்பதேயாகும்.

முதல் உலகப் போரின்போது, 1917 ஜூலை 27ஆம் தேதி, பிரான்ஸ் ஒரு சட்டம் இயற்றியது. போரில் தந்தையை இழந்த குழந்தைகளை நாடே தத்தெடுத்துக்கொள்ளும் என்றது அச்சட்டம். நீதிமன்றத் தீர்ப்பின்மூலம் பிறப்புப் பதிவேட்டில் அது குறிக்கப்படும். அமெரிக்காவும் 1956இல் போரில் தந்தையை இழந்தவர்களின் கல்விக்கெனத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. ஆயினும் பிரான்ஸ் தேர்ந்த சொல் வேறு எங்கும் இல்லாதது. பயனாளி என்று சொல்லாமல் பிள்ளை என்று சொன்னது அது.

அப்படித் தத்தெடுக்கப்பட்டவர்களுள் ஒருவர், ‘அந்நியன்’ நாவலால் தமிழ் வாசகர்களும் அறிந்த ஆல்பெர் காம்யு. 1914 அக்டோபரில், மார்ன் போரில் பட்ட காயத்தால் அவர் தந்தை இறந்தபோது குழந்தைக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. தாய் அல்ஜியர்ஸ் நகரில் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்தார். சட்டம் இருந்தது, சலுகை இருந்தது. ஆனால் பையன் விரைவில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்பது பாட்டியின் முடிவு. லூயி ஜெர்மேன் என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், அதே போரில் போரிட்டுத் திரும்பியவர், அந்த வீட்டுக்கு நேரில் சென்று பாட்டியிடம் பேசி இசைய வைத்தார். ஊதியம் எதுவும் பெறாமல் பையனுக்குத் தனியே பாடம் நடத்தி, 1924இல் உதவித்தொகைத் தேர்வு எழுத வைத்தார். 1957இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, தாயை நினைத்தபின் தாம் முதலில் நினைத்தது அந்த ஆசிரியரைத்தான் என்று காம்யு அவருக்கே கடிதம் எழுதினார்.

நம் நாட்டிலும் ஆணைகள் இருக்கின்றன. பல மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பங்கள் இப்போது இணையவழியில் செல்கின்றன. ஆண்டுதோறும் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும், கட்டண ரசீது வேண்டும், வங்கி விவரம் வேண்டும். எல்லாம் குறித்த நாளுக்குள் வேண்டும். படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சிற்றூரில் வாழும், அதிகம் படித்திராத ஒரு தாய், கணவரின் பணி எண்ணை எழுதிய பழைய தாளை முந்தானையில் முடிந்துகொண்டு, கணினி மையத்தின் வாசலில் நிற்கிறாள். 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதியைப் படைவீரர் கொடிநாளாகக் கொண்டாடி வருகிறோம். அன்று உண்டியலில் பணம் போட்டுவிட்டுச் சட்டையில் சிறு கொடியைக் குத்திக்கொள்கிறோம். அந்தத் தாய்க்கு அன்று தேவைப்படுவது, படிவத்தின் நான்காம் பக்கத்தைப் படித்துச் சொல்ல அரைமணி நேரம் உட்காரக்கூடிய ஒருவர்.